மாமா அடைச்ச வால்வு

கீசர் மெக்கானிக்கைக் கூப்பிடுறவங்க ரெண்டு வகை: வீடியோ பார்த்துத் தானே ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி கூப்பிடுறவங்க, பண்ணின பின்னாடி கூப்பிடுறவங்க. முதல் வகையை நான் இன்னும் கண்ணால பார்க்கல. செங்கல்பட்டுலேர்ந்து மாமல்லபுரம் வரைக்கும் வண்டியில சுத்தறேன், எங்கியாவது ஒருத்தர் இருப்பார்னு ஒரு நம்பிக்கைதான். உங்க வூட்டுலயும் ஒருத்தர் ஸ்பேனரும் கையுமா திரியறாரா? வாங்க, உக்காருங்க, சேர்ந்து அழலாம்.

எங்க குடும்பத்துல அந்தப் புண்ணியவான் எங்க அக்கா வூட்டுக்காரர். திருக்கழுக்குன்றத்துல வூடு. புது கீசர் வாங்கினவர், மச்சான் ஒருத்தன் இதே தொழில்ல இருக்கானேன்னு ஒரு வார்த்தை சொல்லாம தானே மாட்டிட்டார். அக்காவுக்கு முட்டிவலி, தினம் சுடுதண்ணி இல்லாம முடியாது. அங்க இன்னா பண்ணி வெச்சிருக்காரோன்னு எனக்கு ஒரே கவலை. கூப்பிடாம போய்ப் பார்க்கவும் முடியாது. அக்கா புருஷன் செஞ்ச வேலையில நான் குத்தம் சொன்னா, அந்தப் பேச்சைக் காலத்துக்கும் கேக்கப் போறவ அக்காதான்.

அக்னி மூலை

மாமல்லபுரத்துல ஒரு லாட்ஜ். தண்ணி வெதுவெதுன்னு வந்து உடனே பச்சைத் தண்ணியாயிடுது, ரூம் எடுத்தவங்கல்லாம் சண்டைன்னு முதலாளி புலம்பினார். போய்ப் பார்த்தா, தண்ணி உள்ள போவ வேண்டிய வழியில வெளிய வருது, வெளிய வர வேண்டிய வழியில உள்ள போவுது. சிவப்பு, நீலம்னு கலர் போட்டே குடுத்திருக்கான், கண்ணு தெரியலையான்னு நினைச்சேன். மனுஷன் தெரிஞ்சேதான் பண்ணியிருக்கார். சுடுதண்ணி தென்கிழக்குப் பக்கமாத்தான் வெளிய வரணுமாம், அதான் அக்னி மூலையாம். கீசர் செஞ்சவனுக்கு அந்த அறிவு இல்லாததால இவர் திருத்திட்டார். பழையபடி மாத்திடட்டுமான்னு கேட்டேன். அவர் என் ஸ்பேனரைத் தள்ளி வெச்சார்.

“குளிக்க வந்தவன் நாளைக்குப் போயிடுவான் தம்பி, வாஸ்து எங்கூடல்ல இருக்கும்?”

வயக்காட்டுப் பைப்பு

மதுராந்தகத்துல ஒரு நெல் வியாபாரி. வயல்ல போர் போட்டப்ப மிச்சமான பைப்பை வீணாக்குவானேன்னு, அதையே சுடுதண்ணி லைனுக்கு இழுத்துட்டார். பச்சைத் தண்ணிக்குன்னு செஞ்ச பைப்பு அது. சூடு ஏற ஏற நெளிஞ்சு தொங்கியிருக்குது. இவர் விடுவாரா? கவட்டைக் குச்சி ஒண்ணு வெட்டியாந்து முட்டுக் குடுத்துட்டார், வாழைக்குலைக்குக் குடுக்கற மாதிரி. கடைசியில ஜாயிண்டு பிச்சிக்கினு பாத்ரூம் பூரா கொதிக்கக் கொதிக்கத் தண்ணி. நல்ல வேளை, உள்ள யாரும் இல்ல. எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்துச்சு. நான் அந்தக் குச்சியையே பார்த்துக்கினு நின்னதுல அவருக்குக் கோவம் வந்துடுச்சு.

“வருஷக்கணக்கா வெயில்ல கிடந்த பைப்புய்யா, உங்க கீசர் சூட்டுக்கா பயந்துடுச்சு?”

சொட்டு நின்னுபோன கீசர்

போன மார்கழியில அக்காவே போன் பண்ணினா. கீசருக்குள்ள கடகடன்னு சத்தம் வருதாம். புது கீசர்னா அப்படித்தான்னு மாமா சொல்லிட்டாராம். வண்டியை விரட்டிக்கினு போனேன். அக்கா துண்டைத் தோள்ல போட்டுக்கினு பாத்ரூம் வாசல்ல நிக்கறா. நான் நேரா சேஃப்டி வால்வைப் பார்த்தேன். உள்ள அழுத்தம் ஏறினா தண்ணியைச் சொட்டு சொட்டா வெளிய விட்டு நம்ம உயிரைக் காப்பாத்தறது அதுதான். அதோட வாயில டேப்பைச் சுத்தி ஒரு போல்ட்டை முறுக்கி வெச்சிருக்கார். “சொட்டிக்கினே இருந்துச்சு மச்சான், நான்தான் அடைச்சேன். எப்டி கீது?”ன்னார்.

மெயினை அணைச்சேன். அக்காவைக் கையைப் பிடிச்சு வெளிய இழுத்தேன். சூடு ஏறினதும் கரண்டை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கினு, தண்ணி பாட்டுக்குக் கொதிச்சிக்கினு இருந்திருக்குது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா டேங்க் வெடிச்சிருக்கும், அடியில எங்க அக்கா நின்னிருப்பா. பதமா எடுத்துச் சொல்லணும்னு வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கினு வந்தது மொத்தமும் போச்சு. “எங்க அக்காவைக் கொல்லப் பார்த்தியேய்யா!”ன்னு கத்திட்டேன். வார்த்தை வெளிய வந்த பின்னாடிதான் யாரைச் சொன்னோம்னு உறைச்சுது. அக்கா அழ ஆரம்பிச்சுட்டா. மாமா முகம் செத்துப்போச்சு. திரும்பி உள் ரூமுக்குப் போயிட்டார்.

கீசர் ஆறினதும் வேலையை ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரத்துல என் தோளுக்குப் பின்னாடிலேர்ந்து வெளிச்சம் விழுது. மாமா டார்ச்சைப் பிடிச்சிக்கினு நிக்கறார், என் மூஞ்சியை மட்டும் பார்க்கல. தெர்மோஸ்டாட்டை மாத்தி, புது வால்வு போட்டு, சுவிட்சைத் தட்டினேன். சூடு ஏறினதும் புது வால்வும் ஒரு சொட்டு விட்டுச்சு. விடத்தான் செய்யும், அதுக்குத்தானே அதை வெச்சிருக்கான். மாமா அதையே பார்த்துக்கினு இருந்தார். அதை அடைக்க அவர் கை துறுதுறுன்னது எனக்கே தெரிஞ்சுது. அப்புறம் அக்கா பக்கம் திரும்பினார்.

“உன் தம்பிகிட்ட சொல்லு, சொட்டட்டும்னு. அடியில பக்கெட்டு நான் வெச்சுக்கறேன்னும் சொல்லு.”

இப்ப அந்த வூட்டுல வால்வு சொட்டுது, அக்கா நிம்மதியா குளிக்கறா, மாமா எங்கிட்ட பேசறதில்ல. எங்க தொழில்ல ஒரு வேலை இதைவிட சுத்தமா முடியாது.