வரம்பை எந்த இடத்தில் வெட்டினான்?

சென்ற மாதத் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டைப் அடித்த கடிதம். அடியில் பச்சை மையில் கையெழுத்து. உங்கள் நாவலைப் போடுகிறோம், மாதம் முடிவதற்குள் முழுப் பிரதியும் வந்து சேர வேண்டும், தவறினால் அச்சகத்தில் உங்கள் முறை வேறொருவருக்குப் போய்விடும் — விஷயம் அவ்வளவுதான்.

ஒன்பது வருடமாக எழுதுகிற நாவல். பத்து அத்தியாயம் முடிந்திருந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. கடைசி அத்தியாயம்.

ஒன்றுக்கு ஒரு வருடம் எடுத்தவனுக்கு, அவசரம் என்று வந்தால் ஒரு கிழமையில் ஒன்று எழுத முடியாதா என்ன? எழுதினேன். ஏழே நாளில் எழுதி முடித்தேன். வினை வந்தது அதில்தான்.

எழுதியதை வாசித்துப் பார்க்கிற எங்கள் கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்டம் என்றால் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமையை வேலைநாளாக்கி, நிலாக் கணக்கில் கிழமைக்கு ஒன்றாக வருகிற போயாவை விடுமுறையாக்கிவிட்டார்கள் அல்லவா, முன்பு ஞாயிறுகளில் கூடிய நாங்கள் அன்றிலிருந்து போயாவுக்குப் போயா பின்னேரம் அமிர்தகழியில் றெபெக்கா ரீச்சர் வீட்டு ஹோலில் கூடுகிறோம். ரீச்சர் மெதடிஸ்த கோயிலில் ஓகன் வாசிப்பவர். ஞாயிறு விடிய ஆராதனை முடித்து, அதே சாரியோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறவர். ஆதம்லெவ்வை காக்காவுக்கு ஏறாவூரில் புடவைக்கடை. பாட்டுக் கட்டுவார், துணிக்கட்டுக்குள் வைத்து வருகிற வெள்ளைத் தாள்களைச் சேர்த்து எனக்குக் கொண்டுவந்து தருவார். என் நாவலுக்கு இன்னும் அந்தப் புதுச்சேலை வாசம் போகவில்லை.

நாலாவது ஆள் மூத்தம்பி அண்ணன். உன்னிச்சையில் வெள்ளாமை செய்கிறவர். எழுத்தாளர் இல்லை. ஐந்தாம் வகுப்போடு மண்வெட்டி பிடித்தவர். முன்னொரு முறை காணி விஷயமாக, நான் கிளாக்கர் வேலை பார்க்கிற அரசாங்கக் கச்சேரிக்கு வந்தபோது, என் மேசைக்கு முன்னால் நின்று, 'போன கிழமை பேப்பரில நீங்க எழுதின களம் பிழை' என்றார். கதிரடிக்கிற சூட்டுக் களத்தில் நின்றுகொண்டு நெல்லை நெல் என்று ஒருவனும் சொல்லமாட்டானாம், 'பொலி' என்றுதான் சொல்வானாம். பிழை பிடிக்கிற ஆளை வெளியே விட்டுவைப்பது ஆபத்து. உள்ளே கூப்பிட்டுக்கொண்டேன். அதன் பிறகு களத்து அத்தியாயத்தை மட்டும் ஆறு தரம் திருப்பி எழுத வைத்தார்.

எங்களுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. எழுதியவன் வாசிக்கக் கூடாது. வேறொருவர்தான் வாசிக்க வேண்டும். எழுதியவன் வாயைத் திறக்காமல் கதிரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றது, 'நல்லாயிருக்கு' என்று யாரும் சொல்லக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கையில் எந்த இடத்தில் தன் மனம் வெளியே போனது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

ஓரிடத்தில் ஐந்து நிமிடம் இருக்கமுடியாத எனக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா? அதோடு என் வசனங்கள்... வாவி மாதிரி வளைந்து வளைந்து, எங்கே தொடங்கியது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும். வாசிக்கிறவர் ரீச்சர். ரீச்சருக்குத் தொய்வு. என் வசனத்தின் நடுவில் நின்று, நெஞ்சைப் பிடித்து, மூச்சு வாங்கி, மறுபடி தொடர்வார். ஒரு பெண்பிள்ளையை மூச்சு முட்ட வைக்கிற எழுத்து என்ன எழுத்து? வெட்டினேன். வெட்ட வெட்ட ரீச்சருக்கும் சுகம், வசனத்துக்கும் சுகம்.

காக்கா அப்படி இரங்குகிற ஆளல்ல. "கிளாக்கர், உங்கட கதையில மழ பெய்யத் தொடங்கினா, நான் ஏறாவூருக்குப் போய்க் குடை எடுத்துக்கு வரலாம் போல இரிக்கி" என்பார். இரண்டு பக்கத்து மழையை நாலு வரியாக்கிக்கொண்டு அடுத்த போயாவுக்குப் போவேன். ஒன்பது வருடம் எப்படிப் போனது என்று இப்போது விளங்கும்.

சரி, அந்தக் கடைசி அத்தியாயம்.

அவசரத்தில் மனிதன் கைக்கு எட்டியதை எடுப்பான். என் கைக்கு எட்டியது மூத்தம்பி அண்ணன் சொன்ன ஒரு கதை. மூன்று வருடத்துக்கு முன், வவுணதீவுக்குக் கிட்ட பஸ் பழுதாகி நின்றபோது சொன்னது. 'நான் அறிஞ்ச ஒராள்' என்றுதான் தொடங்கினார். ஒரு வருடம் அடைமழை. வயல் வட்டை முழுக்க வெள்ளம். சனமெல்லாம் பிள்ளைகுட்டியோடு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. பின்னேரம் போல அந்த ஆள் மட்டும் மண்வெட்டியோடு திரும்பி வந்து, தன் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவில் இருந்த வரம்பை வெட்டிவிட்டான். இவனுடைய தண்ணீர் வடிந்தது. தாழ்வில் இருந்த மற்றவனுடைய பயிர் மூடுண்டு அழுகிப்போயிற்று. நண்டு துளைத்து வரம்பு உடைந்தது என்று அந்த மனிதன் நினைத்துக்கொண்டான். அடுத்த போகத்துக்கு அவனிடம் விதைநெல்லும் இல்லை. கொடுத்தவன் யார்? வெட்டியவன்தான். அந்த நன்றிக்கு இன்றுவரை ஒவ்வொரு வெள்ளாமைக்கும் புது அரிசி முதலில் வெட்டியவன் வீட்டுக்குத்தான் வருகிறது.

இதைச் சொல்லும்போது அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, ஒன்றுமில்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த 'ஒராள்' யாரென்று எனக்கு விளங்கியது. விளங்கியதாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

அதைத்தான் எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், ஆளின் வயதைக் குறைத்தேன். இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு தாள்களைத் தூக்கிக்கொண்டு போனேன். ரீச்சர் வாசிப்பார், அண்ணன் வழக்கம்போலத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார், கதையோடு கதையாகப் போய்விடும் — இதுதான் என் கணக்கு.

அன்று ரீச்சருக்குத் தொய்வு கூடியிருந்தது. முதல் பக்கம் முடிய முன்பே தாளைக் கீழே வைத்துவிட்டார். காக்காவின் மூக்குக்கண்ணாடி கடையில். மிச்சம் யார்? ஒன்பது வருடத்தில் ஒரு தரமும் வாசித்திராத மூத்தம்பி அண்ணன். ரீச்சர் தாள்களை அவரிடம் நீட்டினார்.

அந்த நேரத்தில் நான் எழும்பியிருக்கலாம். வழக்கமாவது மண்ணாவது என்று பறித்திருக்கலாம். எழும்பவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அவர் விரலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். பள்ளிக்கூடத்துச் சனம். மழை. மண்வெட்டி. வரம்பு. ஓரிடத்தில் விரல் நின்றது. நான் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் மறுபடி நகர்ந்தது. பத்துப் பக்கமும் வாசித்தார். கடைசித் தாளை வைத்ததும் எல்லாத் தாள்களையும் தட்டி ஒழுங்காக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வழக்கப்படி கேட்க வேண்டுமே. காக்கா, தன் மனம் எங்கேயும் வெளியே போகவில்லை என்றார். ரீச்சர் மூச்சை இழுத்து இழுத்து, அந்த மனிதன் பக்கத்து வயல்காரனிடம் ஒருநாளாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் கதை முடிந்தது தனக்குச் சரியாகப் படவில்லை என்றார். பிறகு அண்ணனின் முறை.

"இதில ஒரு பிழை கிடக்கு, தம்பி. மூலையில வெட்டினான் எண்டு எழுதியிருக்கிறீங்க. மூலையில வெட்டல்ல. நடுவில. நண்டு வளை இருந்த இடம் பாத்து. மூலையில வெட்டினா ஆள் வெட்டினதெண்டு தெரிஞ்சிரும். நடுவில எண்டா வரம்பு தானா உடைஞ்ச மாதிரிக் கிடக்கும்."

களத்து அத்தியாயத்தைத் திருத்தும்போது பேசிய அதே குரல். கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை.

ரீச்சர் நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் அவரைப் பார்த்தார். காக்கா தொப்பியைக் கழற்றித் துடையில் வைத்தார். யாருக்கும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் வழக்கத்தை மீறி வாயைத் திறந்தேன். தாள்களைத் தாருங்கள், இப்போதே கிழித்துவிடுகிறேன் என்றேன். அவர் மடியிலிருந்து எடுக்கவில்லை.

"கிழிச்சா நடந்தது நடக்காமப் போகுமா? ஒள்ளுப்பம் பொறுங்க. சாமித்தம்பிக்கிட்ட நான் சொல்லிப்போட்டு வாறன். மறுகா அனுப்புங்க."

சாமித்தம்பி. பக்கத்து வயல்காரர். பத்துப் பக்கம் எழுதிய எனக்கு அந்த மனிதரின் பெயரே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த போயாவுக்கு அண்ணன் வரவில்லை. அதற்கடுத்ததற்கு வந்தார். சாமித்தம்பியிடம் இரண்டு தரம் போனாராம். முதல் தரம் மாட்டைப் பற்றிப் பறைந்துவிட்டு வந்தாராம். இரண்டாம் தரம் அவர் மனைவி தேத்தண்ணீர் கொடுத்தாராம், குடித்துவிட்டு வந்துவிட்டாராம். "மூணாந் தரம் தேத்தண்ணி குடியாமப் போங்க" என்றார் காக்கா. யாரும் சிரிக்கவில்லை, காக்காவும்தான்.

மாதமோ முடியப் போகிறது. நான் உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில், பதினொரு அத்தியாயத்தையும் பார்சல் கட்டித் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனேன். வரம்பை வெட்டிய இடத்தை 'நடுவில்' என்று திருத்தியும் வைத்திருந்தேன்! வரிசையில் நின்றேன். ஒன்பது வருடம்... இன்னும் எத்தனை வருடம்? உன்னிச்சையில் யார் கொழும்பில் அச்சான நாவல் வாசிக்கப் போகிறார்கள்? நல்ல நியாயங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும்போதுதான் தோன்றும். என் முறை வந்தது. உள்ளே இருந்தவர் பதிவுத் தபாலா என்று கேட்டார். பத்துச் சத முத்திரை ஒன்று தாருங்கள் என்றேன். நாவல் இன்னும் முடியவில்லை என்று கொழும்புக்கு நாலு வரி எழுதிப் போட்டுவிட்டு, பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாலத்தால் நடந்தேன். இறால் பிடிக்கிற தோணிகள் நின்ற இடத்திலேயே நின்றன. எனக்கு மட்டும் எங்கேயோ போக வேண்டும் போலிருந்தது.

மூன்றாம் தரம் அண்ணன் சொல்லிவிட்டார். இருவருமாக வாய்க்காலில் மண் வாரிக்கொண்டிருந்தபோது. சாமித்தம்பி வாரிக்கொண்டிருந்த மண்ணை வாரி முடித்து, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். மூன்று நாள் கழித்து, அதுவும் வேலிக்கு வெளியே நின்று, ஒரேயொரு கேள்வி கேட்டாராம்: இது வேறு யாருக்குத் தெரியும்? அண்ணன் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அமிர்தகழியில் மூன்று பேர், தாளிலும் எழுதியிருக்கிறது.

போன போயாவுக்கு ஐந்து பேர்.

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். ஒருவர் முன் கதவால் இறங்கினார், மற்றவர் பின் கதவால். சாமித்தம்பி மெலிந்த மனிதர். தோளில் துவாய். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, எழுதினதை வாசிக்கச் சொன்னார். ரீச்சருக்கு அன்று மூச்சு நன்றாக இருந்தது. வாசித்தார். நான் சாமித்தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அண்ணன் வாசலைப் பார்த்தபடி இருந்தார்.

வாசித்து முடிந்ததும், ரீச்சர் எங்கள் வழக்கத்தைச் சொன்னார். மனம் எங்கே வெளியே போனது என்று சொல்ல வேண்டும் என்று. சாமித்தம்பி துவாயால் கழுத்தைத் துடைத்தார்.

"வெட்டினவர் படுத்தார், ஒழும்பினார், நித்திரை வரல்ல, சோறு இறங்கல்ல... அவருக்குப் பத்துப் பக்கம். என்ட பயிர் அழுகினதுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியிலதான் என்ட மனம் வெளிய போச்சு, கிளாக்கர். அந்த வருஷம் என்ட மூத்த புள்ளையைப் பள்ளிக்கூடத்தால மறிச்சன். கெட்டிக்காரி. மறுகா அவள் போகவேயில்ல. அது எங்க?"

மூத்தம்பி அண்ணன் வாசலிலிருந்து கிறுகிச் சாமித்தம்பியைப் பார்த்தார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பக்கத்து வயல். பக்கத்து வீடு. இத்தனை வருடம்.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாமித்தம்பி அவரைப் பார்க்காமலே கையை மட்டும் உயர்த்தினார். இப்போது வேண்டாம் என்றா, எப்போதுமே வேண்டாம் என்றா? எனக்குத் தெரியாது. வரப்போகிற வெள்ளாமைக்குப் புது அரிசி எந்த வீட்டுக்குப் போகும் என்றும் தெரியாது. கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. ரீச்சர் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தோம்.

இதைப் பேப்பரில் நான் எழுதுகிற பத்தியில் எழுதலாமா என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அண்ணன் பெயரை மாற்ற வேண்டாம் என்றார். சாமித்தம்பி, 'பேப்பரிலயும் எனக்கு ஒரு வரிதானா?' என்று கேட்டார்.

ஒரு எழுத்தாளனுக்குப் பாராட்டுகிற நண்பர்கள் வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் எழுதாமல் விட்டதை எழுந்து நின்று கேட்கிற ஒரு மனிதர் கிடைத்தால் போதும். அவர் வருவதற்குக் கொஞ்சம் காலம் பிடிக்கிறது. அதற்குள் புத்தகத்தை முடித்துவிடாமல் இருப்பதுதான் எங்கள் பாடு.

அன்று போகும்போது சாமித்தம்பி வாசலில் நின்று, நாவலில் தனக்கு எத்தனை பக்கம் தருவீர்கள் என்று கேட்டார். நீங்கள் சொல்கிற அளவுக்கு என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நான் அவசரப்படாம ஆறுதலாத்தான் சொல்லுவன்."

புத்தகம் எப்போது வரும் என்று அறிய விரும்புகிறவர்கள் இனி என்னைக் கேட்க வேண்டாம். உன்னிச்சையில் சாமித்தம்பி என்றால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள்.