அறுநூறு மீட்டர் பிள்ளையார் சுழி

இந்த ஊரில் காலண்டரைக் கக்கூஸில் மாட்டி வைக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெதர்லாந்துக்கு வந்த புதிதில், டில்பர்க் நகரத்தில் எனக்கு வேலை கொடுத்த மரைக்கே என்ற டச்சுக்காரம்மா தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கை கழுவ உள்ளே போனால், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே ஒரு காலண்டர். சொந்தக்காரர்கள் பிறந்தநாளெல்லாம் பேனாவால் எழுதியிருந்தது. பிறகு பார்த்தால் போகிற வீட்டிலெல்லாம் இதே கதைதான். தினமும் தவறாமல் போகிற இடம், அதனால் யார் பிறந்தநாளும் மறந்துபோகாது என்று விளக்கம் சொன்னார்கள். நியாயம்தான். ஆனாலும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. திண்டுக்கல்லில் நான் வடிவமைத்த காலண்டர் ஒன்றை யாராவது அங்கே மாட்டியிருந்தால் குடும்பமே ரெண்டுபட்டிருக்கும். மாதாவோ முருகனோ மெக்காவோ, ஏதாவது ஒன்று அதில் இருக்கும். படமே இல்லாத வெறும் தாள் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் அது.

தொண்ணூறுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். இரண்டே கம்ப்யூட்டர். ஒன்றில் நான், இன்னொன்றில் முருகேஸ்வரி. என் வயதுதான், செம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். கல்யாணப் பத்திரிகை, பூட்டுக் கடை லேபிள், பிரியாணிக் கடை பார்சல் கவர் என்று வராத வேலை இல்லை. எந்த வேலையாக இருந்தாலும் புதுப் பக்கம் திறந்ததும் மேலே சின்னதாக ஒரு ‘உ’ போட்டுவிட்டுத்தான் அடுத்த எழுத்தைத் தட்டுவாள். சர்ச் நோட்டீசுக்கும் அதேதான். அச்சுக்குப் போகும்முன் அதை அழித்துவிட்டு சிலுவை வைப்பாள், பள்ளிவாசல் நோட்டீஸ் என்றால் 786 வைப்பாள்.

“நான் வேதக்காரப் பொண்ணுடி, எனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று நான் கேட்டதற்கு, “உனக்கா போடச் சொன்னேன்? கம்ப்யூட்டருக்குப் போடு” என்றாள்.

நான் கேட்கவில்லை. ஒருநாள் காதணி விழாப் பத்திரிகை ஒன்று வந்தது. தாய்மாமன் வகையில் மட்டும் நாற்பத்தெட்டுப் பேர். ஒரு பேர் விட்டுப்போனால் பந்தியில் கைகலப்பு. காலையிலிருந்து தட்டி முடித்து நிமிர்கிறேன், கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் இரண்டு தடவை கத்திவிட்டு அதுவும் படுத்துக்கொண்டது. என்னுடைய மாமன்கள் அத்தனை பேரும் காலி! முருகேஸ்வரியின் வேலை மட்டும் அப்படியே இருந்தது. “சுழி போட்டியா?” என்றாள். அப்புறம்தான் கவனித்தேன், சுழி போட்ட கையோடு அவள் ஃபைலை ஒரு தடவை சேவ் பண்ணுவாள், பிறகும் செத்த நேரத்துக்கு ஒரு தடவை பண்ணுவாள். பக்தியா கெட்டிக்காரத்தனமா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து நானும் போட ஆரம்பித்தேன்.

அந்தப் பழக்கம் என்னோடு கரூருக்கு வந்தது. அங்கே ஏற்றுமதிக் கம்பெனியில் சமையலறைத் துண்டுக்கும் திரைச்சீலைக்கும் டிசைன் போட்டேன். துணி வாங்க வந்த மரைக்கேதான் என் வேலையைப் பார்த்து இங்கே அழைத்துக்கொண்டார். ஓராண்டு ஒப்பந்தம். இங்கும் ஒவ்வொரு ஃபைலின் ஓரத்திலும் சின்னதாக உ போடுவேன். அச்சுக்கு அனுப்பும்போது மறைத்துவிடுவேன், ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது.

ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருந்தபோதுதான் வினை வந்தது. புதுப்பித்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் விசாவோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கோ இந்த ஊர் ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. என் சைக்கிள், என் அறை, யாரும் எட்டிப்பார்த்து யோசனை சொல்லாத என் மேசை. அதையெல்லாம் விட மனசே இல்லை. அந்த நேரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அறுநூறு மீட்டர் திரைச்சீலை, இளம்பச்சை இலைகள் போட்டது, அச்சாகி வந்தது. சாம்பிள் சரியாகத்தான் போயிருந்தது. பிறகு பச்சையைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்கள். ஃபைலை மறுபடி திறந்தவள், சுழியை மறைக்காமல் அனுப்பித் தொலைத்துவிட்டேன். ஒரே டிசைன் திரும்பத் திரும்ப அச்சாவதால், இரண்டடிக்கு ஒரு பிள்ளையார் சுழி!

மரைக்கே மேசைமேல் துணியை விரித்துக் குனிந்து பார்த்தார். “ஸ்டெல்லா, நத்தை அழகாக இருக்கிறது. ஆனால் சாம்பிளில் இது இல்லையே?”

எனக்கு உயிரே போய்விட்டது. இலைகளுக்கு நடுவே அது நத்தை மாதிரியேதான் இருந்தது. ‘ஆமாம், கடைசி நேரத்தில் சேர்த்தேன்’ என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பிள்ளையாரை நத்தையாக்க வாய் வரவில்லை. அவர் என் சாமியாக இருந்திருந்தால் ஒருவேளை மன்னிப்புக் கேட்டுச் சமாளித்திருப்பேன். அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தை நெளித்துவிட்டு, இது உங்களுடையது இல்லை என்று எப்படிச் சொல்வது?

“இது நத்தை இல்லை. எங்கள் எழுத்து. வேலை தொடங்கும்முன் போடுவோம்.”

“எதற்கு?”

“தப்பு வராமல் இருக்க.”

அவர் அறுநூறு மீட்டரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “அப்படியென்றால் இது வேலை செய்யவில்லை” என்றார். டச்சுக்காரர்களுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

“உன் கடவுளுடைய எழுத்தா?”

“இல்லை, நான் கிறிஸ்தவள். இது என் சிநேகிதியின் கடவுளுடையது.”

சிரிப்பு நின்றது. “முதியோர் இல்லத்துக்கு நீயே போய்ச் சொல்லு. ஒப்பந்தத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்” என்றார்.

அந்த இல்லத்தின் மேலாளர் ஒரு நெட்டை மனிதர். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பைப் பாதியில் நிறுத்தி, “கெட்ட வார்த்தையா?” என்று கேட்டார்.

“ஐயையோ, இல்லை. மரியாதையானது. காலில் மிதிபடாமல் இருந்தால் போதும்.”

“சன்னலில் தொங்குவதை யார் மிதிக்கப்போகிறார்கள்? வியாழக்கிழமை வரும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மாட்டுங்கள்.”

அவ்வளவுதான்! இதே தப்பை ஊரில் செய்திருந்தால் பஞ்சாயத்து முடிய மூன்று மாதம் ஆகியிருக்கும். மறுவாரம் மரைக்கே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “இனிமேல் அதைக் காகிதத்தில் போடு, ஃபைலில் வேண்டாம்” என்றார். அப்படியே செய்கிறேன்.

முருகேஸ்வரி இப்போது திண்டுக்கல்லில் சொந்தமாக ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் போனில் கத்தினாள். “அடிப்பாவி! நாங்க ஒரு சுழியப் போட்டு ஒரு காரியத்த முடிக்கிறோம். நீ அம்புட்டு மீட்டருக்குப் போட்டிருக்கியே, இன்னும் என்னத்தடி ஆரம்பிக்கப் போற?” சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. “சரி, எப்ப வாரே?” என்றாள். “வாரேன், வாரேன்” என்றேன். இருவருக்குமே அது என்ன பதில் என்று தெரியும்.

குளிர்காலத்தில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை விட்டு வரும் வழியில் அந்த இல்லத்தின் முன்னால் சைக்கிளை நிறுத்துவேன். உள்ளே விளக்கெரியும்போது துணியின் அச்சு தெருப்பக்கம் தெளிவாகத் தெரியும். அறைக்குள் இருக்கும் கிழவர்களுக்கு உ நேராகத் தெரிகிறது, ஆனால் அவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த நான் தெருவில் நிற்கிறேன், எனக்கு அது இடம் வலம் மாறித் தெரிகிறது.