புது கெர்னலும் உதயசூரியன் வீடும்

ஆலங்குடியில் வீடு கட்டப்போகிறவர்களுக்கு, கட்டும் முன்பே அந்த வீட்டைக் கம்ப்யூட்டரில் முழுசாக வரைந்து காட்டுவது சத்யபிரியாவின் தொழில். அவள் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். அது வேண்டாம் என்று சொல்லாத ஆள் இல்லை. கேட்டால்தானே!

அன்று காலை திரை இருண்டு கிடந்தது. முந்தின நாள்தான் லினக்ஸின் அடிப்படையான கெர்னலைப் புதுசாக ஏற்றியிருந்தாள். கெர்னல் மாறினால் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை இயக்குகிற டிரைவரையும் அதற்கேற்றபடி மறுபடி கட்ட வேண்டும். அதற்குத் தேவையான ஹெடர் கோப்புகளை, டேட்டா தீர்ந்துவிடுமே என்று இந்த மகராசி இறக்காமல் விட்டிருந்தாள். பழைய கெர்னலுக்குத் திரும்பலாம் என்றால், இடத்தை அடைக்கிறதென்று அதையும் கையோடு அழித்தாயிற்று. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? இப்போது வழி தேடித் தேடியே வீட்டிலிருந்த ரெண்டு போனிலும் டேட்டா காலி.

அந்த நேரம் பார்த்து, வீடு கட்டப்போகிற உதயசூரியன் வந்து நின்றார். சிங்கப்பூரில் அவருக்கு வேலை; சாயங்காலம் விமானம். அதற்குள் தன் வீட்டுப் படத்தைப் பார்த்து அவர் சரி சொன்னால்தான் கொத்தனார் வேலையைத் தொடங்குவார்.

"புதுக்கோட்டை கடையில குடுத்து விண்டோஸ் போட்டுருவோம் பிரியா," என்றான் கணவன் பீட்டர்.

"போட்டா வரைஞ்சதெல்லாம் அழிஞ்சிரும். நான் கெடுத்தத நானே சரி பண்ணுறேன், நீங்க செத்த சும்மா இருங்க. அண்ணே, ஒங்க போன்ல நெட்ட போட்டுக் குடுங்க."

எழுத்து மட்டும் தெரிகிற திரைக்குப் போனாள். ஹெடர் இறங்கியது. டிரைவரோ பாதியில் பிழை காட்டி நின்றுவிட்டது. அவள் விடவில்லை. பிழையை வரி வரியாகப் படித்தாள். புது கெர்னலுக்கு ஒத்துவராத பழைய டிரைவரைக் கழற்றிவிட்டுப் புதுசை இறக்கி, மறுபடி கட்டினாள். மெஷினை அணைத்துப் போட்டதும் திரை பளிச்சென்று வந்தது.

"அப்பாடா!" என்று முதலில் கத்தியது பீட்டர்தான்.

படம் உருவாகி வந்தது. மாடி, போர்ட்டிகோ, வாசல் கேட். உதயசூரியன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரையிலிருந்த கேட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த வீட்டுல நான்தான் இருக்க மாட்டேன் தங்கச்சி. படத்துல கேட் பக்கத்துல என்னைய மாதிரி ஒரு ஆள நிப்பாட்டித் தருவீங்களா?"

வெளியே ஏர்போர்ட் கார்க்காரர் ஹார்ன் அடித்தார்.

"அவரு அடிக்கட்டும்ணே," என்றாள் சத்யபிரியா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "வேட்டியா, பேண்ட்டா?"