இன்றைக்கு என்ன குழம்பு?

பட்டினப்பாக்கத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. புஷ்பமேரி அக்கா டெங்குவில் போய்விட்டார் என்று அவர் மகள் ஸ்டெல்லா அழுதாள். டெங்குவிலா, அக்காவா? எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு என் கோபம் புரியும். நானும் அவரும் மயிலாப்பூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் விசாரிக்கும் செவிலியர்கள். கொரோனாவில் வாசலுக்குத் தகரம் அடித்ததைப் பார்த்த மக்கள், அதன்பிறகு எங்களைக் கண்டாலே காய்ச்சலை மறைத்தார்கள். அதனால் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதையே அக்கா விட்டுவிட்டார்.

பட்டினப்பாக்கம் குப்பத்தில் மீன் விற்கும் செல்வி ஒருநாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் நல்லாத்தான் கீறோம். போங்க."

"போறோம்மா. இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்றார் அக்கா.

"கஞ்சிதான் வெச்சேன்."

"கூடையில வஞ்சிரம் வெச்சிக்கினு வூட்ல கஞ்சியா? யாருக்குடி ஒடம்பு சரியில்ல?"

செல்வி அழுதுவிட்டாள். உள்ளே அவள் கணவன் சுருண்டு கிடந்தான். ஈறில் ரத்தம் கசிந்தது. அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, அந்தத் தெருவில் கொசுப்புழு நெளிந்த டிரம்களையெல்லாம் அக்கா தன் கையாலேயே கவிழ்த்தார். செல்வியை நான் திட்டப் போனபோது, "வுடு. பயந்தவங்கதான் பொய் சொல்லுவாங்க" என்றார். அந்த ஆள் பிழைத்து மறுபடி கடலுக்குப் போகிறான்.

போன வாரம் மழை விட்டதும் குப்பத்தில் காய்ச்சல் பரவியது. பார்க்க நாங்கள் இருவர்தான். அந்த நேரத்தில் அக்கா லீவு போட்டார். சந்தேகப்பட்டுப் போன் செய்தேன்.

"அக்கா, இன்னிக்கு இன்னா கொழம்பு?"

சிரித்தார். "நெத்திலிக் கொழம்பு. சும்மா அசதி. நீ குப்பத்தப் பாரு."

குரல் தெளிவாக இருந்தது. நம்பிவிட்டேன்.

சாவு வீட்டில் ஸ்டெல்லாவிடம் அந்தக் குழம்பைப் பற்றிக் கேட்டேன்.

"நெத்திலியா? கஞ்சிகூட எறங்கல சித்தி. ஆஸ்பத்திரிக்கு வான்னா நாளைக்குன்னுச்சு. ஒங்களாண்ட சொல்றேன்னேன். வாணாம், அவ குப்பத்த வுட்டுட்டு இங்க ஓடியாந்துடுவான்னுச்சு."

அக்காவின் பயம் அதுதான். அவர் முகத்தைப் பார்த்தபோது என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுதேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் குப்பத்துக்குப் போனேன். அக்காவின் கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். முதல் வீட்டில் கேட்டேன். சுறாப்புட்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் ஒருத்தி.

"சட்டியத் தொறந்து காட்டும்மா" என்றேன்.