இஸ்திரி அக்கா காட்டிய அழகு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினேழு வருஷமாகத் துணி தேய்க்கிறவள் அவள். எல்லோருக்கும் இஸ்திரி அக்கா. வாய் அதிகம் பேசாது, முகம்தான் பேசும்.

போர்வைகள் காணாமல் போகத் தொடங்கியதிலிருந்து, வெளியே போகிற ஒவ்வொருவர் பையையும் வாட்ச்மேன் துழாவினார். அன்று சாயங்காலம் அவளுடைய சாப்பாட்டு டப்பாவையும் திறந்து மோந்து பார்த்தார்.

“ஏண்ணே, அதுக்குள்ள போர்வையை மடிச்சு வெக்க முடியுமா?”

“யாரு எதுல கொண்டு போவாங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

அவள் உதட்டைப் பிதுக்கி, முகவாய்க்கட்டையைத் தோளில் ஒரு இடி இடித்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

மறுநாளிலிருந்து எல்லாமே ஒரு மாதிரியாக இருந்தது. மேனேஜர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். துணி மடிக்கிற பெண்கள் அவள் தலையைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். போர்வைத் திருட்டைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்களோ என்று அவள் பயந்தாள். ராத்திரி சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் புதிதாக வந்தவர்; வேறு பாஷை பேசுகிற ஊரில் படித்து வளர்ந்தவர். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார்.

“உங்களுக்கும் வாட்ச்மேனுக்கும் என்ன பழக்கம்?”

“பழக்கமா? என்ன சார் கேக்கறீங்க?”

அவர், வாட்ச்மேன் எழுதுகிற கேட் நோட்டை அவள் பக்கம் திருப்பினார். ‘இஸ்திரி அம்மா என்னைப் பார்த்து அழகு காட்டினார். தக்க நடவடிக்கை தேவை.’

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், அழகு காட்டறதுன்னா மினுக்கறது இல்ல. பழிப்புக் காட்டறது. இந்தா, இப்படி.”

காட்டினாள். குறை வைக்காமல், ‘ம்க்கும்’ சத்தத்தோடு.

மேனேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “இதையா அழகுன்னு சொல்றாங்க?”

“பாக்க சகிக்காதுல்ல சார், அதான்.”

அவர் அந்த வரியை அடித்துவிட்டு ‘ஏளனம் செய்தார்’ என்று எழுதிக்கொண்டு, இனிமேல் வேண்டாம் என்று எச்சரித்து அனுப்பினார். போர்வைகள் அடுத்த வாரம் ஒரு வார்டின் பூட்டிய அலமாரியில் அகப்பட்டன. ஆனாலும் பை சோதனை நிற்கவில்லை.

ஒருநாள் அவள் வாட்ச்மேனையே கேட்டுவிட்டாள். “பழிச்சாங்கன்னு எழுத வேண்டியதுதானே? அழகுன்னு எதுக்குண்ணே எழுதினீங்க?”

“எங்க வீட்டுல அப்படித்தாம்மா சொல்லுவாங்க.”

அவர் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னது அவளுக்கு உறுத்தியது. வெகுளியா, வேண்டுமென்றே மாட்டிவிட்டதா என்று இன்றுவரை பிடிபடவில்லை. கேட்டைத் தாண்டுகிறவரை முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு போகிறாள்.