எட்டாவது பாட்டும் இறைப்பு மிசினும்

போன வருடம் மாசி மாதம், ஒரு மத்தியானம். கோப்பாயில் ஒரு வெங்காயக் கொட்டிலை விட்டுப் புறப்பட்டு, தோள்பையோடு பருத்தித்துறை வீதியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அது புதிதில்லை. எட்டாம் வகுப்பை விட்டதும் அப்படித்தான். பேக்கரி, அரிசி ஆலை, மயிலிட்டித் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போடும் வேலை, எல்லாவற்றையும் விட்டதும் அப்படித்தான். ஆனால் அன்றைக்குப் பைக்குள் இரண்டு ட்ரம்ஸ் குச்சிகள் இருந்தன. கால் வேகமாக எழும்பவில்லை.

அந்தக் கொட்டிலுக்குள் நான் முதன்முதல் போனது அதற்கு ஆறு மாதம் முன். மயிலிட்டியிலிருந்து நடந்து வந்தவன், தண்ணீர் குடிக்க வேலிப் படலையைத் திறந்தேன். கொட்டிலுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். கிட்டார் வைத்திருந்தவன் அந்த வீட்டுப் பிள்ளை. பேஸ் கிட்டார்க்காரன் கைபேசி திருத்தும் கடையில் வேலை செய்பவன். பாட்டுக்காரி திருநெல்வேலியில் அறையெடுத்துத் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிப்பவள். சொந்தமாகப் பாட்டெழுதி ஒரு ராக் குழு தொடங்கியிருந்தார்கள். பழைய ட்ரம்ஸ் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்கள், அடிக்க ஆள் இல்லை. நான் சிறு வயதில் குருநகரில் செத்தவீட்டுப் பாண்ட் குழுவில் மேளம் அடித்தவன். குச்சியை எடுத்து அடித்துக் காட்டினேன்.

பாட்டுக்காரி முழுவதும் கேட்டுவிட்டு, "அண்ணை, இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை. கொஞ்சம் கெதியா அடியுங்கோ" என்றாள்.

எவ்வளவு முயன்றும் என் கைக்கு அந்த வேகம் வரவில்லை. கடைசியில் அவர்களே பாட்டுகளை என் நடைக்கு இறக்கிக்கொண்டார்கள். "ஊரிலை இப்பிடி ஒரு ராக் இல்லை. எல்லாம் எங்கடை செத்தவீட்டு அண்ணையாலை" என்று பேஸ்காரன் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவான். நான் கொட்டிலிலேயே படுத்து எழும்பினேன். சாப்பாடு அந்த வீட்டில் கிடைத்தது.

முதல் ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு. ஒலிப்பதிவுக் கருவி, கிட்டார்க்காரனின் மாமா கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. நான் புறப்பட்ட அன்று மாலை அவர் திரும்பிப் போகிறார், கருவியும் போகிறது. சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டு ஏழு பாட்டை முடித்திருந்தோம். அன்று காலையில் எட்டாவதைத் தொடங்கினால், பக்கத்துத் தோட்டத்தில் இறைப்பு மிசின் தொடங்கிவிட்டது. ஒலிவாங்கி முழுக்க அதன் சத்தம்தான்.

அந்தத் தோட்டத்தைத் தனியாகச் செய்பவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. வெங்காயத்துக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை கிணற்றிலிருந்து இறைக்கவேண்டும்.

"போய்க் கேட்பமோ?" என்றாள் பாட்டுக்காரி.

"பயிருக்கு இறைக்கிற ஆளிட்டை என்னெண்டு கேக்கிறது?" என்றான் கிட்டார்க்காரன்.

நான் எழும்பி வெளியே போனேன். அக்கா தூரத்தில் மண்வெட்டியோடு நின்றார். வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து, மிசினுக்கு எண்ணெய் போகிற திருகை அடைத்துப் பூட்டிவிட்டு வந்து ட்ரம்ஸில் இருந்தேன். பூட்டியவுடன் மிசின் நிற்காது. உள்ளே கிடக்கிற எண்ணெய் முடியும்வரை ஓடும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அது விக்கி விக்கி நின்றது. "அம்மாளாச்சி கண் திறந்திட்டா" என்று சிரித்துக்கொண்டே பாட்டுக்காரி பாடத் தொடங்கினாள்.

அடித்துக்கொண்டே கொட்டில் இடுக்கால் பார்த்தேன். அக்கா மிசினைத் தொடக்கும் கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்த்தார். பிறகு மிசினைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் கட்டி, வெயிலில் தள்ளிக்கொண்டு போனார். நான் அடியை நிறுத்தவில்லை.

மத்தியானம் பாட்டு முடிந்து நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வேலிக்கு வந்தார்.

"மெக்கானிக் பெடியன் சிரிக்கிறான், பிள்ளையள். எண்ணெய் பூட்டிக் கிடக்காம். திறக்காமலே ஸ்ராட் பண்ணியிருக்கிறன்." தானும் சிரித்தார். "எங்கடை அம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. முதல் அடுப்பை மறந்தா. பிறகு எங்கடை பேரை." சாய்ந்திருந்த வேலிக் கம்பொன்றை நிமிர்த்தினார். "அதை விடுங்கோ. பாட்டு முடிஞ்சுதோ? முடியேல்லையெண்டால் சொல்லுங்கோ, நான் பின்னேரம் இறைக்கிறன்."

அவ்வளவு இலேசாக இருந்தது. கேட்டிருந்தாலே போதும். பாட்டுக்காரி அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

வீதியில் யாழ்ப்பாணம் போகிற பஸ் வந்து நின்றது. "ஏறுங்கோ அண்ணை" என்றான் கொண்டக்டர். ஒரு காலை மிதிபடியில் வைத்தேன். இனி ஒவ்வொரு விடியலும் அந்த மனுசி திருகை இரண்டு தரம், மூன்று தரம் தொட்டுப் பார்ப்பார் என்று நினைத்தேன். நான் எத்தனையோ இடங்களை விட்டுப் போயிருக்கிறேன், ஆனால் ஒருவருடைய நிம்மதியை எடுத்துக்கொண்டு போனதில்லை. "ஏறுறியளோ இல்லையோ?" என்றான் அவன். காலைக் கீழே இறக்கினேன்.

தோட்டத்துக்குத் திரும்பிப் போனபோது அக்கா கிணற்றடியில் இருந்தார். மிசினைக் குழாயோடு மறுபடி பொருத்தாமல், திருகைத் திறப்பதும் அடைப்பதுமாக இருந்தார்.

"அக்கா, அதைப் பூட்டினது நான்."

"எப்ப?"

"காலமை. பதிவுக்கு இடைஞ்சல் எண்டு."

"அப்ப நான் திறந்துதான் விட்டனான்?"

"ஓம்."

"வடிவாத் தெரியுமோ?"

"திறந்து கிடந்ததைத்தான் நான் பூட்டினனான், அக்கா."

கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார், கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. பிறகுதான் பேச்சு விழுந்தது. மூதேவி, கழிசறை என்று தொடங்கி, என்னைப் பெற்றவர்கள் வரை போய் வந்தார். கடைசியில், "நாளைக்கு விடிய வா. மிச்சப் பாத்தியளுக்கு நீதான் தண்ணி மாறோணும்" என்றார்.

கொட்டிலுக்குப் போய் அவர்களிடமும் சொன்னேன். பாட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மிசின் விக்கி நிற்கிற அந்தச் சத்தத்தை அவள் வெட்ட விடவில்லை. எட்டாவது பாட்டு அதிலிருந்துதான் தொடங்கும். ஆல்பம் வெளிவந்த பிறகு அக்காவுக்குக் கைபேசியில் போட்டுக் காட்டினோம். "பாட்டிலை நல்ல இடம் என்ரை மிசின்தான்" என்றார்.

உண்மையைச் சொன்னதற்கு மறுநாள் விடிய நான் தோட்டத்துக்குப் போனபோது, அவர் திருகைத் திறந்தார். இரண்டாம் தரம் தொட்டுப் பார்க்காமல் கயிற்றை இழுத்தார். மிசின் பிடித்தது. நான் மண்வெட்டியை எடுத்து முதல் பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினேன். விட்டு வந்த வேலைகளுக்கு எனக்குக் கணக்கில்லை, திரும்பிப் போய்ப் பெற்ற வேலை அது ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் மூன்று நாளுக்கு ஒருமுறை அந்தத் தோட்டத்தில் நிற்கிறேன்.