கோதுமை மேல் போட்ட பழி

இன்று மதியம் எங்கள் வட்ட அலுவலக வாசலில் லுவான் யூச்சின் அக்காவைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. ஒரே மூச்சில் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெற்குப் புறவழியில் முக்கால் கிலோமீட்டருக்கு சூரியத் தகடு பதித்த சாலை இருக்கிறதே, அதைத் தினமும் பெருக்கிக் கழுவுகிறவர் லுவான் அக்கா. கழுவியவர் என்றுதான் எழுத வேண்டும். மூன்று நாள் முன்பு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அலுவலகச் சுவரில் அவர் பெயரோடு அறிவிப்பு: துப்புரவுப் பணியாளரின் அலட்சியத்தால் கோதுமை பரப்பப்பட்டு, சாலையின் மின்சாரம் நின்றுவிட்டதாம்!

அந்தச் சாலை திறந்த அன்று நான் அதில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தவன். ஒரு வயலைக்கூட விழுங்காமல், வண்டி ஓடுகிற இடத்திலேயே மின்சாரம்! ஒரு வாரம் வேறு பேச்சே பேசவில்லை. அதனால்தான் இப்போது இவ்வளவு வலிக்கிறது.

ஜூன் அறுவடை முடிந்தால் நம் பக்கத்தில் கோதுமை காயச் சாலைக்குத்தான் வரும். ஓரத்தில் நாலு செங்கல்லை வைத்துவிட்டால் லாரிகூட ஒதுங்கிப் போகும். இந்தச் சாலையோ வழவழவென்று, கறுப்பாக, கழுவித் துடைத்துச் சுடச்சுட இருக்கிறது. யாருக்கு ஆசை வராது?

"நீங்க தடுக்கலையா அக்கா?" என்றேன்.

"எதுக்குத் தடுக்கணும்? நான்தான் வெவசாயிங்கள வாங்கடான்னு கூப்பிட்டேன். மழை வருதுன்னு சொல்றாங்க, ஈரக் கோதுமை முளைவிட்டா அவங்க வருஷம் பூரா என்ன திங்கிறது? ரெண்டு நாள் காயவெச்சு அள்ளிட்டாங்க. அது தப்புன்னா திட்டட்டும், வாங்கிக்கிறேன். ஆனா மின்சாரத்த நான் நிறுத்தினேன்னு எழுதினா விடமாட்டேன்."

நானும் கூடவே உள்ளே போனேன். சாலைக்குப் பொறுப்பான கோங் அதிகாரி தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் வந்துட்டீங்களா? தகட்ட கோதுமை மூடினா வெயில் எப்படிம்மா உள்ள போகும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"தெரியும் ஐயா. என் வீட்டுக் கூரையிலயும் பன்னெண்டு தகடு இருக்கு. சூரியனப் பாத்து சாய்ச்சு வெச்சிருக்கோம். முக்கியமா, அது மேல நாங்க மணல் லாரி ஓட்டுறதில்ல."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கோங் முகம் சிவந்தது. "நக்கலா? கோதுமை போட்ட அன்னிக்குப் பலகையில சைபர். ஆதாரம் இருக்கு."

சாலை முனையில் இருக்கிற மின்பலகை, அன்றன்றைக்கு எவ்வளவு மின்சாரம் வந்தது என்று காட்டும். லுவான் அக்கா கைப்பேசியை எடுத்தார். பெருக்குகிறவர்கள் தினமும் மதியம், வேலை முடிந்ததற்குச் சாட்சியாக ஒரு படம் எடுத்து அலுவலகத்தின் கைப்பேசிக் குழுவில் போட வேண்டும். போடாவிட்டால் அன்றைக்கு வராததாகக் கணக்கு. அக்கா எப்போதும் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் எடுப்பார்.

"இது ஜூன் ஒன்பது, கோதுமை வந்த நாள். சைபர். இது ஜூன் ஒண்ணு. அன்னிக்குக் கோதுமை வயல்லதானே நின்னுச்சு? சைபர். இது மே இருபது, நல்ல வெயில். சைபர். இது மே பதினொண்ணு, முதல் சைபர். அன்னிக்கே 'லாரி ஏறித் தகடு வெடிச்சிருக்கு, உள்ள தண்ணி போகுது'ன்னு குரல்பதிவும் அனுப்பினேன். அதுக்குக் கீழ கட்டைவிரலத் தூக்கிக் காட்டினது யாரு ஐயா?"

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் கோங்கின் கட்டைவிரல்! ஒரு மாதமாகச் செத்துக் கிடக்கிற சாலைக்கு அந்த மனிதர் தினமும் 'அருமை' சொல்லியிருக்கிறார்.

"ப... பலகை பழுதா இருந்திருக்கும்."

"பலகைதான் பழுதுன்னா கோதுமை மேல ஏன் பழி போட்டீங்க? அறிவிப்பக் கிழிங்க."

"மேலிடத்துல கேட்டுதான் செய்ய முடியும்." சொல்லிக்கொண்டே அவரும் கைப்பேசியை எடுத்தார். அடுத்த நொடியே லுவான் அக்காவைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். எங்கள் கண்ணெதிரே!

அக்கா அழவில்லை. "தம்பி, படமெல்லாம் என் போன்ல இருக்கு, உனக்கு அனுப்புறேன். எனக்கு இந்த வெளக்குமாறு போனாப் போகட்டும். அந்தச் சுவத்துல என் பேரு இருக்கக் கூடாது. என் பொண்ணு தினம் அந்த வழியாத்தான் போறா."

தட்டையாகப் பதித்தால் வெயிலில் ஒரு பங்கு வீண், மண் படியும், கனவண்டி ஏறினால் உடையும். சோதனைச் சாலை தோற்கலாம், அது குற்றமே இல்லை. தோற்றதை ஒப்புக்கொள்ளாமல், அதை ஒழுங்காகக் கழுவின ஒரே ஆளின் தலையில் கட்டியதுதான் குற்றம்.

அக்கா அனுப்பிய இருபத்தெட்டுப் படங்களையும் தேதியோடு கீழே போட்டிருக்கிறேன். தயவுசெய்து எல்லோருக்கும் அனுப்புங்கள். தெற்குப் புறவழிப் பக்கம் போனால் வண்டியை நிறுத்தி, வெடித்த தகடுகளை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அப்படியே வட்ட அலுவலகத்துக்குள் போய், அந்தச் சுவரில் லுவான் யூச்சின் பெயர் இன்னும் ஏன் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.